தீக்காயம் ஆறிய பிறகு என்ன நடக்கிறது?

நெருப்பால் வரும் காயத்தையும் கடுஞ்சொல்லால் வரும் காயத்தையும் ஒப்பிடும் 129ஆம் திருக்குறளை நீங்கள் படித்திருப்பீர்கள். இரண்டில் சொல்லால் வந்ததே நிலைத்து நிற்கும் என்கிறார் வள்ளுவர். தேர்வில் பொருள் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருப்பீர்கள். தீக்காயப் பிரிவில் வேலை செய்யும் ஒரு மருத்துவரிடமோ தாதியிடமோ அந்தக் குறளைச் சொல்லிப் பாருங்கள். இரண்டாம் பாதியை உடனே ஒப்புக்கொள்வார். முதல் பாதிக்கு மட்டும் ஒரு சிறு திருத்தம் சொல்வார்: "ஆறும், ஆனால் நீங்கள் நினைக்கிற மாதிரி ஆறாது."

அந்தத் திருத்தம்தான் இந்த வாரக் கட்டுரை.

இப்படிக் கற்பனை செய்து பாருங்கள். படிவம் நான்கில் உங்களோடு படிக்கும் ஒரு மாணவி ஐந்து மாதங்களாகப் பள்ளிக்கு வரவில்லை. வீட்டில் நடந்த ஒரு தீ விபத்து. "குணமாகிவிட்டது, திங்கட்கிழமை வருகிறாள்" என்று ஆசிரியர் சொல்கிறார். திங்கட்கிழமை அவள் வருகிறாள். கழுத்திலிருந்து மணிக்கட்டு வரை தோல் நிறத்தில் ஓர் இறுக்கமான உடையைச் சீருடைக்குள் அணிந்திருக்கிறாள். காலைச் சபைகூடலில் வெயிலில் நிற்காமல் நிழலில் உட்காருகிறாள். கேள்விக்குக் கை தூக்கும்போது கை தோளுக்கு மேல் போகவில்லை. கழுத்தைத் திருப்பாமல் உடம்பையே திருப்பிப் பார்க்கிறாள். பாடத்தின் நடுவில் கையைத் தேய்த்துக்கொண்டே இருக்கிறாள். வகுப்பில் பாதிப் பேர் அவளை உற்றுப் பார்க்கிறார்கள், மீதிப் பேர் அவள் இருக்கும் பக்கமே பார்ப்பதில்லை.

அவளுக்குக் குணமாகிவிட்டதா?

இந்தக் கேள்வியை மருத்துவம் கேட்கத் தொடங்கி அதிக காலம் ஆகவில்லை. அதற்குக் காரணம் உண்டு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், உடலில் ஏறக்குறைய பாதிப் பரப்பு தீப்பட்டால், திடகாத்திரமான இளைஞர்களில்கூட இருவரில் ஒருவர் இறந்துவிடுவார். அப்போது மருத்துவர்களுக்கு இருந்த ஒரே கவலை உயிரைக் காப்பது. உடல் இழக்கும் நீரை ஈடுசெய்யும் முறை, கிருமித்தொற்றைத் தடுக்கும் மருந்துகள், கருகிய தோலைச் சில நாட்களுக்குள்ளேயே அகற்றிவிட்டுப் புதுத் தோல் ஒட்டும் அறுவை சிகிச்சை என்று ஒவ்வொன்றாக வந்தன. இன்று நல்ல வசதியுள்ள தீக்காய மையங்களில், உடலின் பெரும்பகுதி தீப்பட்ட இளையோரும் பிழைத்து வீட்டுக்குப் போகிறார்கள். வீட்டுக்குப் போன பிறகு அவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்ற கேள்வி அதன் பிறகுதான் எழுந்தது.

நம் நாட்டில் தீ விபத்து என்றால் பெரியவர்களுக்கு இன்னும் சுங்கை பூலோ நினைவுக்கு வரும். 1991 மே 7ஆம் தேதி அங்கே ஒரு பட்டாசுத் தொழிற்சாலை வெடித்துச் சிதறியது. உங்களுக்குப் புத்ரா ஹைட்ஸ் நினைவுக்கு வரலாம். 2025 ஏப்ரல் 1ஆம் தேதி, நோன்புப் பெருநாள் விடுமுறையில், எரிவாயுக் குழாய் தீப்பிடித்து நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். செய்தியில் வருபவை இத்தகைய பெரிய விபத்துகள். தீக்காயப் பிரிவுகளில் படுத்திருப்பவர்களில் பலரோ கொதிநீர், சூடான எண்ணெய், குழம்பு, மீ சூப் என்று சமையலறையிலிருந்து வந்தவர்கள். அதிலும் சின்னப் பிள்ளைகள் அதிகம்.

விதை இல்லாத நிலம்

தோல் ஓர் உறை அல்ல, ஓர் உறுப்பு. பெரியவர் ஒருவரின் தோலை விரித்தால் ஒன்றரை முதல் இரண்டு சதுர மீட்டர் வரும். வெளியே தெரிவது மேல்தோல். தாளைப் போல மெல்லியது. அதற்குக் கீழே இருக்கும் அடித்தோலில்தான் இரத்தக் குழாய்கள், நரம்பு முனைகள், மயிர்க்கால்கள், வியர்வைச் சுரப்பிகள், தோலுக்கு வலுவும் நெகிழ்வும் தரும் புரத இழைகள் எல்லாம் இருக்கின்றன.

சட்டி விளிம்பு பட்டு விரல் சிவந்தால் மேல்தோலுக்கு மட்டும்தான் பாதிப்பு. சில நாட்களில் போய்விடும். கொப்பளம் வந்தால் அடித்தோலின் மேற்பகுதியும் சுட்டிருக்கிறது என்று பொருள். அதுவும் பெரும்பாலும் இரண்டு மூன்று வாரங்களில் தானாக மூடிக்கொள்ளும். எப்படி மூடுகிறது என்பதுதான் சுவையான விஷயம். அடித்தோலுக்குள் ஆழமாக இறங்கியிருக்கும் மயிர்க்கால்களின் உட்சுவரிலும் வியர்வைச் சுரப்பிகளின் குழாய்களிலும் மேல்தோல் உயிரணுக்கள் ஒளிந்திருக்கின்றன. மேலே எல்லாம் கருகினாலும், கீழே தப்பிய இந்த உயிரணுக்கள் பெருகி மேலே வந்து, சின்னச் சின்னத் தீவுகளாகப் பரவி, ஒன்றோடொன்று சேர்ந்து புண்ணை மூடுகின்றன.

தீ அடித்தோலின் முழு ஆழத்தையும் எரித்துவிட்டால் அந்த விதைகளும் போய்விடும். பிறகு புண் விளிம்பிலிருந்து மட்டுமே மூட முடியும். பெரிய புண்ணுக்கு அது போதவே போதாது. இத்தகைய ஆழமான காயத்தின் நடுப்பகுதியில் வலி குறைவாக இருக்கும், ஏனென்றால் வலியை உணரும் நரம்பு முனைகளே அங்கில்லை. வலிக்கவில்லையே என்று மருத்துவமனைக்குப் போகாமல் இருப்பவர்கள் உண்டு. அது ஆபத்தான அறிகுறி.

இங்கேதான் தோல் ஒட்டும் அறுவை சிகிச்சை வருகிறது. தொடை போன்ற நல்ல பகுதியிலிருந்து, ஒரு மில்லிமீட்டரில் பாதிக்கும் குறைவான தடிப்பில் தோலைச் சீவி எடுப்பார்கள். மேல்தோலும் கொஞ்சம் அடித்தோலும் அதில் வரும். எடுத்த இடத்தில் மயிர்க்கால்கள் மிச்சமிருப்பதால் ஏறத்தாழ இரண்டு வாரத்தில் அது ஆறிவிடும். எடுக்க நல்ல தோல் குறைவாக இருந்தால், சீவிய தோலை ஓர் இயந்திரத்தில் விட்டு வலைபோலத் துளையிட்டு இழுத்துப் பெரிதாக்குவார்கள். வலையின் கண்கள் பிறகு தாமாக மூடிக்கொள்ளும். அந்த வலைக்கோலம் மட்டும் வாழ்நாள் முழுவதும் தோலில் தெரியும்.

வியர்க்காத தோல்

மேலே சொன்னதை ஒருமுறை திரும்பப் படியுங்கள். சீவி எடுத்த தோல் மிக மெல்லியது. வியர்வைச் சுரப்பிகளின் சுருள் இருப்பதோ அடித்தோலின் ஆழத்தில். அப்படியென்றால் ஒட்டப்பட்ட தோலோடு அவை வருவதில்லை. பழைய இடத்தில் இருந்தவையும் எரிந்துவிட்டன. புதிதாக முளைப்பதும் இல்லை. ஒட்டிய தோல் சரியாக வியர்ப்பதில்லை. சில மாதங்களுக்கு மட்டுமல்ல, நிரந்தரமாக.

வியர்க்காவிட்டால் என்ன, வசதிதானே என்று தோன்றலாம். ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு பெரியவரின் உடல் சுமார் 100 வாட் வெப்பத்தை வெளியிடுகிறது. ஒரு மணி நேரத்துக்கு 360 கிலோஜூல். சுற்றியிருக்கும் காற்றும் உடலைப் போலவே சூடாக இருந்தால் இந்த வெப்பம் வெளியேற ஒரே வழி வியர்வை ஆவியாவதுதான். ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது சுமார் 2.4 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. இயற்பியல் வகுப்பில் படிக்கும் உள்ளுறை வெப்பம் இதுதான். 360ஐ 2.4ஆல் வகுத்தால் 150 கிராம். சும்மா உட்கார்ந்திருக்கவே மணிக்கு 150 கிராம் வியர்வை ஆவியாக வேண்டும். ஓடினால் அது பல மடங்காகும்.

நம் உடலில் 20 லட்சத்திலிருந்து 40 லட்சம் வரை வியர்வைச் சுரப்பிகள் உள்ளன. அவற்றில் பாதி போய்விட்டால் மீதிப் பாதி கூடுதலாக வேலை செய்ய முயலும். ஓரளவுக்குச் செய்யவும் செய்யும். தீக்காயத்திலிருந்து மீண்டவர்களைச் சூடான அறையில் உடற்பயிற்சி செய்யவைத்து அளந்த ஆய்வுகளில், காயத்தின் பரப்பு கூடக்கூட உடலின் உட்புற வெப்பநிலையும் கூடுதலாக ஏறியது. சபைகூடலில் அந்த மாணவி நிழலைத் தேடியது சலுகைக்காக அல்ல.

அதற்காக அவளை உடற்கல்விப் பாடத்திலிருந்து விலக்கி வைப்பதும் தவறு. கடுமையான தீக்காயம் பட்டவுடன் உடல் ஒரு பேரிடர் நிலைக்குப் போய், இதயத் துடிப்பைக் கூட்டி, தன் தசைகளையே எரித்துச் சக்தி தேடுகிறது. காயம் மூடிய பிறகும் பல மாதங்களுக்கு, சிலருக்கு ஓரிரு ஆண்டுகளுக்கு, இது நீடிக்கும். இழந்த தசையை மீட்க உடற்பயிற்சியைவிடச் சிறந்த மருந்து அதிகமில்லை. வெயில் ஏறும் முன் காலையில், அல்லது மின்விசிறி உள்ள மண்டபத்தில், தண்ணீர் தெளிக்கும் புட்டி ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பயிற்சி செய்யலாம். தெளித்த தண்ணீர் ஆவியாகி, வராத வியர்வையின் வேலையைச் செய்யும். இயற்பியல் அதேதான்.

இழுக்கும் தழும்பு

அடுத்தது அந்த இறுக்கமான உடை.

புண் மூடிய பிறகு மூன்று நான்கு மாதங்களில் பல குடும்பங்கள் அதிர்ச்சி அடைகின்றன. மருத்துவமனையிலிருந்து வரும்போது தட்டையாக இருந்த தோல் சிவந்து, தடித்து, கயிறுபோல மேலெழத் தொடங்கும். சிகிச்சை தோற்றுவிட்டது என்று நினைத்துவிடுகிறார்கள். உண்மையில் உடல் பழுதுபார்க்கும் வேலையை நிறுத்தத் தெரியாமல் தொடர்கிறது. கொலாஜன் என்ற புரத இழை அளவுக்கு மீறி, ஒழுங்கில்லாமல் குவிகிறது. நல்ல தோலில் கூடை முடைந்ததுபோல் இருக்கும் இழைகள் இங்கே முடிச்சு முடிச்சாகக் கிடக்கின்றன. இந்தத் தழும்பு முதிர்ந்து தணிய ஓர் ஆண்டிலிருந்து இரண்டு ஆண்டுகள் ஆகும். அதுவரை அரிப்பு இருக்கும். சாதாரண அரிப்பு இல்லை, இரவு தூக்கத்தைக் கெடுக்கும் அரிப்பு. மீண்டவர்களைக் கேட்டால் வலியைவிட இதைத்தான் பலர் முதலில் சொல்வார்கள். வெளியே இருப்பவர்களுக்கு இது தெரியவே தெரியாது.

தழும்பு தடிப்பது மட்டுமல்ல, சுருங்கவும் செய்கிறது. புண்ணுக்குள் தசையைப் போலச் சுருங்கும் திறன்கொண்ட சில உயிரணுக்கள் உருவாகின்றன. சிறு புண்ணில் அது நல்லது, விளிம்புகளை இழுத்து மூடும். முழங்கை மடிப்பிலோ கழுத்திலோ அக்குளிலோ அது நடந்தால் மூட்டே மடங்கியபடி இறுகிவிடும். கையை மடித்து, தலையைக் குனிந்து படுத்தால் வலி குறையும். வலி குறையும் அந்த நிலையில்தான் மூட்டு இறுகும். எனவே பிசியோதெரபிஸ்ட் வந்து, வலிக்கிறது என்று அழுதாலும் கையை நீட்டச் சொல்வார். ஒவ்வொரு நாளும், பல முறை. பிள்ளைகள் அவரை எதிரியாகப் பார்ப்பதில் ஆச்சரியமில்லை.

இந்த வலியைச் சமாளிக்க அமெரிக்காவின் சியாட்டல் நகரில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஹன்டர் ஹாஃப்மன், டேவிட் பேட்டர்சன் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு வேலை செய்தார்கள். 'ஸ்னோவேர்ல்ட்' என்ற மெய்நிகர் உலகத்தை உருவாக்கினார்கள். நோயாளி கண்ணை மூடும் கருவி ஒன்றை மாட்டிக்கொண்டால், பனிப் பள்ளத்தாக்கில் மிதந்தபடி பனிமனிதர்கள்மீதும் பெங்குவின்கள்மீதும் பனிப்பந்து எறியலாம். அந்த நேரத்தில் தாதி கட்டு மாற்றிவிடுவார். வலிக்கான நரம்புச் செய்தி மூளைக்கு வந்துகொண்டுதான் இருக்கும், ஆனால் கவனம் முழுவதும் பனியில் இருப்பதால் வலி குறைவாக உணரப்படுகிறது என்று அவர்களுடைய ஆய்வுகள் காட்டின. வீடியோ கேம் விளையாடுவதற்கு மருத்துவரே அனுமதி தரும் இடம் இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்!

அழுத்த உடைக்கு வருவோம். தழும்பின்மீது சீரான அழுத்தம் கொடுத்தால் அது தட்டையாகவும் மென்மையாகவும் முதிரும் என்ற நம்பிக்கையில் ஒவ்வொருவருக்கும் அளவெடுத்து இதைத் தைக்கிறார்கள். ஒரு நாளில் 23 மணி நேரம் அணிய வேண்டும். குளிக்கவும் தழும்புக்கு எண்ணெய் தடவவும் மட்டும் கழற்றலாம். ஓர் ஆண்டோ அதற்கு மேலோ. கோலாலம்பூர் வெயிலில், வியர்க்காத தோலுக்கு மேல், ஒரு நாளில் 23 மணி நேரம்! ஒழுங்காக அணியவில்லை என்று பிள்ளைகளைத் திட்டும் பெரியவர்கள் ஒரு நாள் அதைப் போட்டுப் பார்க்கலாம்.

வளரும் பிள்ளைகளுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. எலும்பு வளரும், தழும்பு அதற்கு ஈடாக நீளாது. ஐந்து வயதில் சரிசெய்த கை, பத்து வயதில் மறுபடியும் இழுக்கும். வளர்ச்சி நிற்கும்வரை அறுவை சிகிச்சைகள் திரும்பத் திரும்பத் தேவைப்படலாம். பள்ளி விடுமுறை என்றால் மற்றவர்களுக்குச் சுற்றுலா, இவர்களுக்கு மருத்துவமனை.

இரண்டு ஊர்கள்

இதுவரை சொன்னதெல்லாம் தோலின் கதை. மனிதரின் கதைக்கு இங்கிலாந்துக்குப் போக வேண்டும்.

முதல் உலகப் போரில் முகம் சிதைந்த வீரர்களுக்காக 1917இல் சிட்கப் என்ற ஊரில் ஒரு மருத்துவமனை திறக்கப்பட்டது. ஹெரால்ட் கில்லிஸ் என்ற நியூசிலாந்து மருத்துவர் அங்கே புது முகங்களை உருவாக்கினார். நவீன பிளாஸ்டிக் சர்ஜரியின் தந்தை என்று அவரைச் சொல்வார்கள். அந்த ஊரில் மருத்துவமனைக்குப் போகும் சாலையில் சில இருக்கைகளுக்கு நீல வண்ணம் பூசியிருந்தார்கள். நீல இருக்கையில் ஒருவர் அமர்ந்திருந்தால், பார்த்துப் பயந்துவிடாதீர்கள் என்று ஊராருக்கு அது முன்னெச்சரிக்கை. நல்லெண்ணத்தில் செய்ததுதான். அதில் உட்கார்ந்தவருக்கு எப்படி இருந்திருக்கும்?

கில்லிஸின் உறவினர் ஆர்ச்சிபால்ட் மெக்கிண்டோ. அவரும் நியூசிலாந்துக்காரர், அவரும் பிளாஸ்டிக் சர்ஜன். இரண்டாம் உலகப் போரில் ஈஸ்ட் கிரின்ஸ்டெட் என்ற சிற்றூரின் குவீன் விக்டோரியா மருத்துவமனை அவர் பொறுப்பில் வந்தது. போர் விமானங்களில் எரிபொருள் தொட்டி விமானிக்கு மிக அருகில் இருக்கும். குண்டு பட்டால் சில நொடிகளில் விமானி அறை உலையாகிவிடும். கையுறையும் கண்ணாடியும் கழற்றி வைத்திருந்த இளைஞர்களின் முகமும் கைகளும்தான் முதலில் எரிந்தன. பெரும்பாலோர் இருபது வயதை ஒட்டியவர்கள்.

மெக்கிண்டோ கூர்ந்து கவனிப்பவர். தீப்பட்டுக் கடலில் விழுந்த விமானிகளின் காயங்கள் தரையில் விழுந்தவர்களின் காயங்களைவிட நன்றாக ஆறுவதைக் கண்டார். அந்தக் காலத்தில் தீக்காயத்தின்மேல் டானிக் அமிலம் பூசி ஓடுபோல இறுகவிடுவது வழக்கம். விரல்கள் அதனால் முடங்கிப்போயின. மெக்கிண்டோ அதைக் கைவிட்டு, வெதுவெதுப்பான உப்புநீர்த் தொட்டியில் நோயாளிகளை இறக்கினார். பலன் கிடைத்தது. சில நேரம் மருத்துவ அறிவு இப்படித்தான், விபத்து நடந்த இடத்தைப் பார்த்துக் கேள்வி கேட்பவரிடமிருந்து வருகிறது.

ஆனால் அவர் செய்த பெரிய காரியம் அறுவை அறைக்கு வெளியே நடந்தது. நோயாளிச் சீருடையைத் தூக்கிப் போடச் சொல்லி, அவர்களைச் சொந்த உடையிலோ விமானப்படை உடையிலோ ஊருக்குள் போகச் சொன்னார். அதற்கு முன் ஊர் மக்களிடம் பேசினார். இவர்கள் உங்கள் கடைக்கு வருவார்கள், உணவகத்துக்கு வருவார்கள், கண்ணைப் பார்த்துச் சாதாரணமாகப் பேசுங்கள் என்றார். குடும்பங்கள் அவர்களை வீட்டுக்கு விருந்துக்கு அழைத்தன. 'உற்றுப் பார்க்காத ஊர்' என்ற பெயர் ஈஸ்ட் கிரின்ஸ்டெட்டுக்கு அப்படித்தான் வந்தது. நீல இருக்கை, பார்க்கப்படுபவரை எச்சரிக்கைப் பலகை ஆக்கியது. மெக்கிண்டோவோ பார்ப்பவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்.

1941இல் அந்த நோயாளிகள் தங்களுக்கென்று ஒரு சங்கம் தொடங்கினார்கள். பெயர் 'கினி பிக் கிளப்'. ஆய்வுக்கூடத்தில் சோதனைக்குப் பயன்படும் அந்தச் சின்ன விலங்கின் பெயர்தான். எங்கள்மேல்தானே எல்லாவற்றையும் சோதித்துப் பார்க்கிறார்கள் என்ற கிண்டல். பொருளாளராகக் கால்கள் எரிந்த ஒருவரைத் தேர்ந்தெடுத்தார்கள், பணத்தோடு ஓடிவிட முடியாது என்பதற்காக! செயலாளருக்கு விரல்கள் எரிந்திருந்தன, நீளமாகக் கூட்டக்குறிப்பு எழுதி வதைக்க மாட்டார் என்று. போர் முடியும்போது சங்கத்தில் 649 பேர் இருந்தார்கள். கடைசி ஒன்றுகூடல் 2007இல் நடந்தது. அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஒருவரையொருவர் விடவில்லை. இன்று உலகின் பல தீக்காய மையங்கள், முன்பே மீண்டவர் ஒருவரைப் புதிய நோயாளியிடம் அனுப்பிப் பேசவைக்கின்றன. படுக்கையில் கிடப்பவர் "உனக்கு என்ன தெரியும்" என்று யாரிடம் வேண்டுமானாலும் கேட்கலாம், அவரிடம் கேட்க முடியாது.

வாழ்க்கைக்கு மதிப்பெண்

ஒருவர் எவ்வளவு நன்றாக வாழ்கிறார் என்பதை அளக்க முடியுமா? முயல்கிறார்கள். தீக்காயத்திலிருந்து மீண்டவர்களுக்கென்றே 1982இல் ஒரு வினாப்பட்டியல் உருவானது. மிக நீளமாக இருந்ததால் 2001இல் சுவீடன் ஆய்வாளர்கள் அதை 40 கேள்விகளாகச் சுருக்கினார்கள். கையெழுத்துப் போட முடிகிறதா, சட்டைப் பொத்தான் போட முடிகிறதா, வேலைக்குப் போக முடிகிறதா, தோற்றம் மனதை உறுத்துகிறதா, வீட்டாருடன் உறவு எப்படி இருக்கிறது என்று 9 பிரிவுகளில் கேள்விகள். அதில் ஒரு பிரிவு முழுக்க வெயிலையும் வெப்பத்தையும் பற்றியது. சுவீடனில் கோடை சில மாதங்கள்தான். நமக்கு ஆண்டு முழுவதும் அந்தப் பிரிவுதான்.

இத்தகைய ஆய்வுகளில் வந்த ஒரு முடிவு பலரை யோசிக்க வைத்தது. காயம் எவ்வளவு பெரியதோ அவ்வளவு மோசமாக வாழ்க்கை இருக்கும் என்றுதான் நாம் எதிர்பார்ப்போம். அப்படி நேராக அமையவில்லை. சிறிய காயம் பட்டவர் பல ஆண்டுகள் வீட்டைவிட்டு வெளியே வராமல் இருக்கிறார். பெரிய காயம் பட்டவர் வேலை, திருமணம், பிள்ளைகள் என்று இருக்கிறார். அமெரிக்காவின் பாஸ்டன் நகர மருத்துவர்கள் 2000ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். குழந்தைப் பருவத்தில் உடலின் 70 விழுக்காட்டுக்கும் மேல் தீப்பட்டுப் பிழைத்த 80 பேரை, சராசரியாகப் பதினைந்து ஆண்டுகள் கழித்துத் தேடிப் பிடித்துக் கேள்வி கேட்டார்கள். சிலருக்கு உடலளவில் தொடர்ந்து சிரமம் இருந்தது, மறுக்க முடியாது. ஆனாலும் பெரும்பாலோரின் வாழ்க்கைத் தரம் பொதுமக்களுடையதோடு ஒப்பிடத் தக்கதாக இருந்தது. நன்றாக இருந்தவர்களிடம் பொதுவாகக் காணப்பட்டவை மூன்று: துணைநிற்கும் குடும்பம், நீண்டகாலத் தொடர் சிகிச்சை, விபத்துக்கு முன் செய்துகொண்டிருந்தவற்றுக்குச் சீக்கிரமே திரும்பியது.

பிள்ளைகளைப் பொறுத்தவரை விபத்துக்கு முன் செய்துகொண்டிருந்தது என்றால் முதலில் பள்ளிக்கூடம். அதனால்தான் சில மையங்களில், மாணவர் திரும்பும் முன்பே ஒரு தாதி பள்ளிக்குப் போய் வகுப்பினரிடம் பேசுகிறார். அழுத்த உடை என்றால் என்ன, தழும்பு தொற்றாது, தொட்டால் வலிக்குமா, எதைக் கேட்கலாம் என்று. மெக்கிண்டோ ஊர் மக்களிடம் செய்த அதே வேலை.

மீண்டவர்களுக்கும் பயிற்சி உண்டு. ஜேம்ஸ் பார்ட்ரிஜ் என்ற ஆங்கிலேயர் 1970இல், 18 வயதில், கார் தீப்பிடித்து முகம் எரிந்தவர். 1992இல் 'சேஞ்சிங் ஃபேசஸ்' என்ற அமைப்பைத் தொடங்கினார். 2009இல் பிரிட்டிஷ் தொலைக்காட்சி ஒன்றில் ஒரு வாரம் மதியச் செய்தி வாசித்தார், அந்த முகத்தோடு. அவருடைய அமைப்பு பிள்ளைகளுக்கு எளிய உத்தி ஒன்றைச் சொல்லித் தந்தது. யாராவது உற்றுப் பார்த்தால் செய்ய மூன்று செயல்கள், என்ன ஆச்சு என்று கேட்டால் சொல்ல இரண்டு பதில்கள், முகத்தைத் திருப்பிக்கொண்டால் மனதுக்குள் நினைக்க ஓர் எண்ணம். முன்கூட்டியே வீட்டில் ஒத்திகை பார்த்துவிட வேண்டும். பேச்சுப் போட்டிக்குத் தயார் செய்வதுபோலத்தான்.

நம் சமூகத்தில் ஒத்திகை பார்க்க வேண்டிய ஒரு சொல் இருக்கிறது: "ஐயோ பாவம்." கோயிலில், திருமண விருந்தில், பேரங்காடியில், முன்பின் தெரியாத ஒருவர் நம் தோழியின் கையைப் பிடித்து அதைச் சொல்வார். அதோடு நிற்காமல், "யார் கல்யாணம் பண்ணுவா?" என்று அவள் அம்மாவிடம் மெல்லக் கேட்பார். கேட்டவருக்குக் கெட்ட எண்ணம் கிடையாது. 129ஆம் குறளின் இரண்டாம் பாதி நடப்பது இப்படித்தான்.

வகுப்பில் என்ன செய்யலாம் என்று கேட்டால், பெரிதாக ஒன்றுமில்லை. கண்ணைப் பார்த்துப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். விடுபட்ட பாடக் குறிப்புகளைக் கொடுங்கள். அவளே சொல்லும்வரை விபத்தைப் பற்றிக் கிளறாதீர்கள், சொன்னால் கேளுங்கள். குழு வேலையில் சேர்த்துக்கொண்டு வேலையும் கொடுங்கள். சபைகூடலில் அவள் நிழலில் நின்றால் பக்கத்தில் ஒருவர் போய் நிற்கலாம், ஆசிரியர்கள் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

உங்கள் வீட்டில் யாருக்காவது சுட்டுவிட்டால், உடனே குழாயைத் திறந்து ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் காட்டுங்கள். 20 நிமிடம் நீண்ட நேரம், கடிகாரத்தைப் பாருங்கள். சுட்டு மூன்று மணி நேரம்வரை இது பயன் தரும். பனிக்கட்டி வேண்டாம். பற்பசை, மஞ்சள், கிச்சாப், முட்டை எதுவும் வேண்டாம், பாட்டி சொன்னாலும். மோதிரம், வளையல் இருந்தால் வீக்கம் வரும் முன் கழற்றிவிடுங்கள். முகம், கை, மூட்டு என்றாலோ காயம் உள்ளங்கையைவிடப் பெரிதென்றாலோ மருத்துவமனைக்குப் போங்கள். முதல் 20 நிமிடத் தண்ணீர், சுட்ட ஆழத்தைக் குறைக்கிறது. மயிர்க்கால்களில் ஒளிந்திருக்கும் அந்த விதைகள் பிழைத்துவிட்டால், மேலே நீங்கள் படித்த பலவும் தேவைப்படாமலே போகலாம்.

மெக்கிண்டோ 1960இல் இறந்தார். 2014இல் ஈஸ்ட் கிரின்ஸ்டெட்டில் அவருக்கு வெண்கலச் சிலை வைத்தார்கள். செய்த சிற்பி மார்ட்டின் ஜென்னிங்ஸ். போரில் தீக்காயம் பட்ட அவருடைய தந்தைக்குச் சிகிச்சை அளித்தவர் மெக்கிண்டோதான். சிலையில் ஓர் இளம் விமானி அமர்ந்திருக்கிறார், முகமும் கைகளும் எரிந்தவர். பின்னால் மருத்துவர் நின்று அவர் தோள்களில் கை வைத்திருக்கிறார். சிலையைச் சுற்றி ஒரு கல் இருக்கை. யார் வேண்டுமானாலும் அதில் உட்காரலாம். அதற்கு நீல வண்ணம் பூசவில்லை.